18 மி.மீ. பலகை 17.4 ஆக வரும்போது: சி.என்.சி. ரௌட்டரில் மரச்சாமான்

சென்னையில் எந்தப் பிளைவுட் கடையிலும் '18 எம்.எம்., எட்டுக்கு நாலு, ஒரு ஷீட்' என்று கேட்டு வாங்கிவந்து காலிப்பரை வைத்து அளந்தால், சரியாக 18 வருவது அபூர்வம். 17.4 வரும், 17.2 வரும். ஒரே ஷீட்டின் இரண்டு மூலைகளில் 17.3-ம் 17.7-ம் வரும். இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது. பிளைவுட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 303, 6 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள பலகைகளில் தடிமன் 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. 18-க்கு 5 சதவீதம் 0.9. ஆக, 17.1 முதல் 18.9 வரை எது வந்தாலும் தரப்படி அது 18 மி.மீ. பலகைதான்.

கையால் வேலை செய்யும் ஆசாரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தட்டு உட்கார வேண்டிய காடியை (பள்ளத்தை) அவர் டேப்பை வைத்துக் குறிப்பதில்லை. பொருத்த வேண்டிய பலகையையே நிறுத்திவைத்து, இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு கிழித்து, கோட்டுக்கு உள்ளே அறுக்கிறார். பலகை 17.4 என்றால் காடியும் தானாக 17.4 ஆகிவிடுகிறது. எண் என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கணினி தரும் எண்களின்படி, சுழலும் பிட்டால் பலகையை வெட்டும் சி.என்.சி. ரௌட்டருக்கோ எண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாது. படத்தில் 18 என்று இருந்தால் 18-க்குத்தான் வெட்டும். அதில் 17.4 பலகையைச் செருகினால் 0.6 மி.மீ. இடைவெளி. காகிதத்தில் பார்த்தால் சின்னதுதான். ஆறு தட்டு வைத்த ஒரு அலமாரியில் பன்னிரண்டு பொருத்திலும் அந்த 0.6 இருந்தால், அலமாரி நிற்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்து ஆடும். பசை அந்தச் சந்தை நிரப்பும் என்று நம்ப வேண்டாம். மரப்பசைக்கு இரண்டு முகமும் ஒட்டி நின்றால்தான் பிடிப்பு.

சென்னையில் ரௌட்டர்களுக்கு வரும் வேலையில் பெரும்பங்கு பூஜை அறைக் கதவு ஜாலி (துளை வேலைப்பாடு), பார்ட்டிஷன், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பூவேலை, பெயர்ப் பலகை. ஜாலியில் ஒரு துளை அரை மில்லிமீட்டர் பெரிதாகப் போனால் யார் கண்ணுக்கும் தெரியாது. அது வேறெதோடும் பொருந்த வேண்டியதில்லை. மரச்சாமானில் ஒவ்வொரு துண்டும் இன்னொரு துண்டுக்குள் போய் உட்கார வேண்டும். ஜாலியை அருமையாக வெட்டித் தரும் இடத்தில் கொடுத்த அலமாரி ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மெஷின் பழுதில்லை, ஆபரேட்டரும் திறமைசாலிதான். பொருத்துக்கு வேண்டிய அளவெடுப்பு அந்த வேலையில் பழக்கமாகவில்லை.

எண்களால் இயந்திரத்தை ஓட்டும் உத்தியை 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உலோகம் கடையும் மில்லிங் இயந்திரத்தில் செய்து காட்டினார்கள். உலோகக் கட்டியின் ஆரம்ப அளவு கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் அங்கே பாதகமில்லை, ஏனென்றால் தேவையான எல்லா முகத்தையும் கடைந்துதான் எடுக்கிறார்கள். பிளைவுட்டில் நீளத்தையும் அகலத்தையும் நாம் வெட்டுகிறோம். தடிமனை மட்டும் ஃபேக்டரி கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறோம். மூன்று அளவில் ஒன்று நம் கையில் இல்லை. கீழே வருவதெல்லாம் அந்த ஒன்றைச் சமாளிக்கும் வழிகள்.

ஒரு ஷீட்டில் ஒரு புத்தக அலமாரி

நேரடியாக ஒரு உதாரணத்தோடு போவோம். உயரம் 1500, வெளி அகலம் 900, ஆறு தட்டு. மெஷின், கடைகளில் 1325 என்று சொல்லப்படும் வகை: 1300 × 2500 மி.மீ. பெட் (ஷீட்டைக் கிடத்தும் மேசை). 2440 × 1220 ஷீட் முழுதாக உட்காரும்.

ஆழம் 300 இருக்கட்டும் என்றுதான் முதலில் எல்லோரும் போடுவார்கள். நான்கு பட்டை × 300 = 1200, மிச்சம் 20. டேபிள் ரம்பத்தில் பிளேடு 3 மி.மீ. தின்னும், மூன்று வெட்டுக்கு 9 போக, இடம் இருக்கிறது. ரௌட்டரில் 6 மி.மீ. பிட் ஒவ்வொரு வெட்டிலும் 6 தின்னும். மூன்று வெட்டுக்கு 18. மிச்சம் 2 மி.மீ.யில் ஷீட்டின் இரண்டு ஓரமும் வர வேண்டும். லாரியில் ஏற்றி இறக்கிய ஷீட்டின் ஓரம் நசுங்கி, முனை மழுங்கித்தான் வரும். அதை அப்படியே வேலைக்கு எடுத்தால் விளிம்பில் பீடிங் பட்டை ஒட்டும்போது தெரிந்துவிடும். ஆகவே ஆழத்தை 295 ஆக்க வேண்டும். 4 × 295 = 1180. துண்டுகளுக்கு இடையே மூன்று சந்து, தலா 8, ஆக 24. இரண்டு ஓரத்துக்கும் 8 வீதம் 16. கூட்டினால் 1220, அச்சாக.

நீளவாக்கில் முதல் இரண்டு பட்டையில் ஒரு பக்கப்பலகை 1500, ஒரு தட்டு. அடுத்த இரண்டு பட்டையில் இரண்டிரண்டு தட்டு. ஆறு தட்டும் வந்துவிடும். அந்தக் கடைசி இரண்டு பட்டையிலும் சுமார் 655 மி.மீ. துண்டு ஒவ்வொன்று மிஞ்சும். அதைத் தூக்கிப் போட வேண்டாம், வேலை இருக்கிறது.

தட்டின் நீளம் என்ன? பலகை 18 என்று நம்பியவர் 900-லிருந்து 36 கழித்து, இருபக்கக் காடிக்கும் 6 வீதம் 12 கூட்டி, 876 என்பார். அளந்து பார்த்த தடிமன் 17.4 என்றால் உள் அகலம் 900 − 34.8 = 865.2. அதோடு 12 கூட்டினால் 877.2. வரைபடத்தில் தடிமனை ஒரு மாறியாக வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கை ஒவ்வொரு ஷீட்டுக்கும் கையால் போட வேண்டியதில்லை. ஃப்யூஷன், ஃப்ரீகேட் போன்ற மென்பொருள்களில் 'தடிமன்' என்று ஓர் அளவுருவை வைத்து, காடி அகலம், தட்டு நீளம், தட்டுகளின் இடைவெளி எல்லாவற்றையும் அதிலிருந்தே வரவழைக்கலாம். புது ஷீட் வந்தால் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

இனி அந்த 655 துண்டுகள். 865 மி.மீ. நீளத் தட்டில் புத்தகத்தை நெருக்கி அடுக்கினால் மீட்டருக்கு 30 கிலோ எளிதாக ஏறும். 17.4 பிளைவுட்டில், முனைகள் சும்மா தாங்கி நிற்கிற கணக்குப்படி நடுவில் கிட்டத்தட்ட 3 மி.மீ. தொய்வு. மாதக்கணக்கில் பாரம் இருக்கும்போது மரம் மெல்ல மெல்ல இன்னும் இறங்கும், இரண்டு மடங்கு வரைகூடப் போகும். தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒன்று. தட்டுகளுக்கு இடையே வரும் உயரம் (1500 − 6 × 17.4) ÷ 5, அதாவது 279.1. மிஞ்சிய ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நடுத்தாங்கிகள் வெட்டலாம். நான்கு தாங்கிகள் கீழ் நான்கு அறைக்கும் சரி. மேல்தட்டில் கனமான புத்தகம் வைக்காதவரை அங்கே தேவையில்லை. தாங்கிகள் ஒன்றன் மேல் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கவேண்டும், அடித்தட்டின் நடுவிலும் அடியில் ஒரு புஷ் (கால் போன்ற முட்டு) வேண்டும். இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் அடித்தட்டின் வயிற்றில் இறங்கும். நான்கு மூலையிலும் 5 மி.மீ. உயரத்துக்காவது பிளாஸ்டிக் புஷ் போடுவது கட்டாயம். வீடு துடைக்கும் தண்ணீர் முதலில் ஏறுவது பக்கப்பலகையின் அடி முனையில்தான்.

தட்டுகளின் முகநார் (மேல் வெனீரின் நார்) ஷீட்டின் 2440 பக்கமாக, தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று, துண்டுகளை ஷீட்டில் அடுக்கித் தரும் நெஸ்டிங் மென்பொருள் துண்டுகளைத் திருப்பிப் போட்டுவிடும். 'திருப்பாதே' என்ற அமைப்பைத் தேடிப்பிடித்துப் போடவேண்டும். குறுக்கு நாரில் வெட்டிய தட்டு கண்ணெதிரே வளையும்.

காடி எவ்வளவு லூஸ் இருக்கலாம்

பசை போட்டுச் செருகும் பொருத்துக்கு, பலகையைவிடக் காடி 0.1 முதல் 0.2 மி.மீ. அகலம் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பசையின் ஈரத்தில் பலகை உப்பி, பாதி போனதும் இறுகி நின்றுவிடும். சுத்தியால் அடித்தால் மேல் வெனீர் பிளக்கும். கூடினால் ஆட்டம்.

இந்த எண்ணை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, வெட்டித்தான் பார்க்க வேண்டும். ஷீட்டைச் சுற்றி எட்டு இடத்தில் தடிமன் அளந்து, அதில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ஷீட்டின் ஓரத் துண்டில், 6 மி.மீ. ஆழத்துக்கு ஏழு காடி வெட்டுங்கள்: 17.2, 17.3, 17.4 என்று 17.8 வரை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் எண்ணை அந்தப் பிட்டாலேயே லேசாகச் செதுக்கிவிடலாம். சீப்பு மாதிரி ஒரு துண்டு கிடைக்கும். ஷீட்டின் இன்னொரு துண்டை ஒவ்வொரு காடியிலும் கையால் அழுத்திப் பாருங்கள். 17.4-ல் நுழையாது. 17.5-ல் உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும், தலைகீழாகத் தூக்கினாலும் விழாது. 17.6-ல் விரலால் தள்ளினாலே போகும், தலைகீழாக்கினால் நழுவும். 17.5-க்கும் 17.6-க்கும் நடுவில்தான் உங்கள் எண். பத்து நிமிட வேலை, ஒரு ஷீட் காசை மிச்சம் பிடிக்கும்.

சீப்பு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 17.5 என்று வெட்டிய காடியைக் காலிப்பரால் அளந்தால் 17.35 வருகிறதா? அப்படியானால் பிட் தேய்ந்து 6-க்குப் பதில் 5.85 ஆகியிருக்கிறது, அல்லது வெட்டும்போது வளைகிறது. பிட்டைச் சாணை பிடித்தவர் சொன்ன அளவை நம்பாமல், அளந்த விட்டத்தை மென்பொருளில் போட வேண்டும்.

மைக்கா ஒட்டும் வேலை என்றால் வரிசை முக்கியம். 1 மி.மீ. மைக்காவும் பசையும் இரண்டு முகத்திலும் சேர்ந்தால் 17.4 ஏறக்குறைய 19.4 ஆகிவிடும். ஒட்டி, பிரஸ்ஸில் காய்ந்த பிறகு அளந்து, அதன் பிறகு வெட்டுவதுதான் சரி. காசை மிச்சம் பிடிக்க ஒரு முகத்தில் மட்டும் மைக்கா ஒட்டி மறுமுகத்தை விட்டால், சென்னை ஈரப்பதத்தில் வெறும் முகம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, பலகை வில்லாக வளையும். பின்முகத்துக்கு மலிவான லைனர் ஒட்டினாலும் போதும், வெறுமையாக விடக்கூடாது.

ஆழத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இசட் பூஜ்யத்தை, அதாவது ஆழத்தை அளக்கத் தொடங்கும் இடத்தை, பலகையின் மேல்முகத்தில் எடுக்கலாம், பெட்டின் முகத்திலும் எடுக்கலாம். மேலிருந்து எடுத்தால் காடியின் ஆழம் எங்கும் 6, அடியில் மிஞ்சும் கட்டை பலகையின் தடிமனுக்கேற்ப ஏறி இறங்கும். பெட்டிலிருந்து எடுத்தால் மிஞ்சும் கட்டை எங்கும் 11.4, ஆழம் கொஞ்சம் மாறும். அலமாரிக்கு இரண்டாவதுதான் நல்லது. தட்டின் நீளம் 877.2-ம் இருபக்கம் 11.4-ம் சேர்ந்துதான் 900 ஆகிறது. பலகை எப்படி ஏறி இறங்கினாலும் மொத்த அகலம் மாறாது. ஷீட்டின் அடியில் வெட்டு முழுதாக இறங்காமல் நார் தொங்கும் தொல்லையும் இதில் இல்லை.

சதுர மூலையை ரௌட்டர் வெட்டாது. 6 மி.மீ. பிட் உள்மூலையில் 3 மி.மீ. வளைவை விட்டுவிடும், அதில் சதுரமான பலகை முனை உட்காராது. ஊடுருவும் கழுந்துக்குத் துளை போடும்போது மூலையில் பிட்டை 1.24 மி.மீ. கூடுதலாக மூலைவிட்டத்தில் நகர்த்தி எடுத்தால் முனைக்கு இடம் கிடைக்கும். நாய் கடிக்கும் எலும்பு போன்ற அந்த வடிவம் பல மென்பொருள்களில் இருக்கிறது. கண்ணில் படும் இடமென்றால் உளியால் மூலையைச் சதுரமாக்குவதே அழகு. முன்பக்கம் தெரியாமல் காடியை 15 மி.மீ. முன்னதாக நிறுத்தினால், தட்டின் முன்மூலையில் 20 மி.மீ. வெட்டிவிடுங்கள், வளைந்த முனையைத் தட்டு தொடவே தொடாது.

அலமாரிக்கு முதுகுப்பலகை 6 மி.மீ. பிளைவுட். அதற்கான ஓரக்காடியையும் அதே ஓட்டத்தில் எடுத்துவிடலாம். முதுகுப்பலகையைத் தனியாக வாங்கி ஆணியடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், அலமாரியைச் சதுரமாகப் பிடித்து நிறுத்துவதே அதுதான்.

பிட்

6 மி.மீ., இரண்டு வாய் (வெட்டும் விளிம்பு) கார்பைடு பிட், நிமிடத்துக்கு 18,000 சுற்று. ஒவ்வொரு வாயும் ஒரு சுற்றில் 0.15 மி.மீ. மரத்தைச் சீவ வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஓட்ட வேகம் (ஃபீட்) 18,000 × 2 × 0.15 = 5,400 மி.மீ. நிமிடத்துக்கு. 18 மி.மீ. பலகையை 6 வீதம் மூன்று இறக்கத்தில் வெட்டலாம். பயந்துகொண்டு ஃபீடை 1,500-க்குக் குறைத்தால் சீவல் 0.04 ஆகிறது. அந்த மெல்லிய அளவில் வாய் மரத்தை வெட்டுவதில்லை, தேய்க்கிறது. சூடு ஏறுகிறது, ஓரம் கறுக்கிறது, பிட் மழுங்குகிறது. மெதுவாகப் போனால் பிட் பிழைக்கும் என்ற எண்ணம் பல பட்டறையில் இருக்கிறது. பிட்டைக் கொல்வதே அந்த மெதுதான். மெஷின் பலவீனமாக இருந்து 5,400-ல் அதிர்ந்தால் ஃபீடை மட்டும் குறைக்காதீர்கள், சுற்றையும் 12,000-க்கு இறக்குங்கள். அடியில் விழுவதை விரலில் எடுத்துப் பாருங்கள். சீவலாக, தேங்காய்த் துருவல் போல இருந்தால் சரி. மாவாக இருந்தால் தவறு. எம்.டி.எஃப். மட்டும் விதிவிலக்கு, எப்படி வெட்டினாலும் மாவுதான்.

மாவாகப் போவதில் இன்னொரு ஆபத்து தீ. கறுத்த பொடி சிறு கங்காக உறிஞ்சு குழாயில் போய் தூசிப்பையில் உட்கார்ந்து, பட்டறை பூட்டிய பிறகு புகையத் தொடங்கும். அன்றைய வேலை முடிந்ததும் தூசிப்பையை அவிழ்த்து வெளியே கொட்டிவிட்டுப் போவது சோம்பலில் விடக்கூடிய காரியமில்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தரும். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது முகக்கவசம் ஆகாது.

மேல்நோக்கிச் சீவும் பிட் தூளை வெளியே தள்ளும், ஆனால் மேல்முகத்தில் சிராய் எழுப்பும். கீழ்நோக்கிய பிட் மேல்முகத்தைச் சுத்தமாக வெட்டும், தூளைக் காடிக்குள்ளேயே அமுக்கும். இரண்டும் சேர்ந்த கம்ப்ரெஷன் பிட்தான் மைக்கா ஒட்டிய பலகைக்குச் சரி. அதை வாங்கியும் மைக்கா உடைகிறது என்று குறைப்படுபவர்கள் முதல் இறக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பிட்டின் நுனியில் 6 அல்லது 8 மி.மீ. நீளம் மேல்நோக்கிய வாய்தான். முதல் இறக்கம் 4 மி.மீ. என்றால் அந்தப் பகுதி மட்டுமே மைக்காவைத் தொடும்; தூக்கி உடைக்கும். முதல் இறக்கமே அதைத் தாண்டி 9, 10 என்று போக வேண்டும். அந்த ஆழத்தைத் தாங்காத மெஷினில் கம்ப்ரெஷன் பிட்டுக்குக் காசு போடுவது வீண்.

பிட்டை எவ்வளவு குட்டையாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு குட்டையாகப் பிடிக்க வேண்டும். வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும்: வெளியே 22 மி.மீ. நிற்பதை 32 ஆக்கினால் மூன்று மடங்கு வளையும். 6-க்குப் பதில் 8 மி.மீ. பிட் போட்டால் மூன்றில் ஒன்றுதான் வளையும். பிட்டைக் கவ்வும் கோலெட்டையும் கவனியுங்கள். மரப்பிசின் உள்ளே படிந்து இறுகிய கோலெட் பிட்டைச் சரியாகப் பிடிக்காது, வெட்டும்போது பிட் மெல்லக் கீழே இறங்கும். முதல் காடி 6, பத்தாவது காடி 6.8 என்று வந்தால் இசட் அச்சைக் கழற்றும் முன் கோலெட்டைக் கழுவிப் பாருங்கள்.

பிளைவுட்டின் நடுவில் கோர் கேப் (உள்ளடுக்கில் வெற்றிடம்) இருந்தால் பிட் அங்கே குதிக்கும், அடுத்த அடுக்கில் ஓரம் பிளக்கும். பொருத்துக்குப் பயன்படும் ஷீட்டை வாங்கும்போது நான்கு ஓரத்தையும் உற்றுப் பார்ப்பது அவசியம். சமையலறைக்கு ஐ.எஸ். 710 மரைன் வகை எடுத்தால், கொதிநீரில் 72 மணி நேரம் தாங்க வேண்டிய அந்த ஃபீனால் பசை பிட்டின் வாயைச் சீக்கிரம் தின்னும். அதைக் கணக்கில் வைத்து விலை சொல்லுங்கள்.

ஷீட் நகர்ந்தால் எல்லாம் போச்சு

காற்றை உறிஞ்சி ஷீட்டைப் பிடிக்கும் வேக்கம் பெட்டில் கேஜ் 500 மி.மீ. பாதரசம் காட்டினால் சதுர செ.மீ.க்கு சுமார் 0.68 கிலோ அழுத்தம். முழு பக்கப்பலகையை அசைக்க முடியாது. 60 × 60 மி.மீ. துண்டுக்கு அதே கணக்கில் 24 கிலோதான். பக்கவாட்டில் நகர விடாமல் பிடிப்பது உராய்வு மட்டுமே என்பதால் அதில் மூன்றில் ஒன்று. அதோடு, வெட்டிய சந்துகள் வழியாகக் காற்று புகுந்து அழுத்தம் குறைந்துகொண்டே வரும். சின்னத் துண்டுகளை முதலில், ஷீட் முழுதாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். உள்காடியும் துளைகளும் முதலில், வெளிவரம்பு கடைசியில். கைக்கடக்கமான துண்டுகளுக்கு 8 மி.மீ. அகலம், 3 மி.மீ. உயரத்தில் ஷீட்டோடு பிடித்திருக்க நான்கு ஒட்டுகள் விட்டு, பிறகு ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம். வளைந்து வந்த ஷீட்டை வேக்கம் இழுத்துப் பிடிக்காது. ஓரங்களில் ஸ்க்ரூ அடிக்கத்தான் வேண்டும், அதன் இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். பிட் ஸ்க்ரூவில் மோதினால் கார்பைடுச் சில் கண்ணுக்கு வரும்.

மெஷின் சதுரமாக ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க, 2000 × 1000 செவ்வகத்தைப் பழைய பலகையில் கோடாகக் கீறுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 2236 வர வேண்டும். இரண்டுக்கும் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தால் மீட்டருக்கு 1.1 மி.மீ. கோணல் இருக்கிறது. நீளமான பக்கப்பலகையில் அது கதவு மூடாத அளவுக்குத் தெரியும்.

கதவு என்றதும் ஒரு விஷயம். 35 மி.மீ. கப் கீலுக்கான குழியை ரௌட்டர் பிரமாதமாக எடுக்கும். பலகைகளை இணைக்கும் மினிஃபிக்ஸுக்கு முகத்தில் வேண்டிய 15 மி.மீ. குழியையும் எடுக்கும். ஆனால் அதன் போல்ட் நுழைய பலகையின் விளிம்பில் 8 மி.மீ. துளை வேண்டும். மேலிருந்து கீழே மட்டும் இறங்கும் மூன்று அச்சு ரௌட்டருக்கு விளிம்பு எட்டாது. கையில் ஜிக் வைத்துப் போடவேண்டும், அல்லது பக்கவாட்டுத் துளை மெஷின் உள்ள இடத்தில் கொடுக்க வேண்டும். வடிவமைப்பை முடித்த பிறகு இதை உணர்ந்து தலையில் கைவைப்பது அடிக்கடி நடப்பது.

கட்டை மரத்தில் வேறு கணக்கு

பிளைவுட்டில் தடிமன்தான் கவலை. கட்டை மரத்தில் எல்லாமே நகரும். சென்னையில் ஏசி இல்லாத அறையில், ஐப்பசி கார்த்திகை மழையில் மரத்தின் ஈரம் 15, 16 சதவீதம் வரை ஏறும். ஏசி ஓடும் அறையில் 10-க்குப் பக்கத்தில் இறங்கும். தேக்கு அதிகம் சுருங்காத மரம். அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில் ஈரம் 1 சதவீதம் மாறினால் அகலத்தில் சுமார் 0.2 சதவீதம் மாறும். 300 மி.மீ. அகலப் பலகை 4 சதவீதம் ஈரம் இழந்தால் 2.4 மி.மீ. குறையும். 0.1 மி.மீ.க்குக் காடி வெட்டிய மெஷினுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேசைப் பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் ஸ்க்ரூவுக்கு வட்டத் துளை போடாமல், நாருக்குக் குறுக்கே 10 மி.மீ. நீளமான நீள்துளை போடச் சொல்ல வேண்டும். ரௌட்டரில் அது ஒரு வரிக் கட்டளை. பசையால் சுற்றிலும் ஒட்டிவிட்டால் ஒரு மழைக்கும் ஒரு கோடைக்கும் நடுவில் பலகை பிளக்கும்.

பழைய வீடு இடித்த தேக்கு சென்னையில் தாராளமாகக் கிடைக்கிறது. நன்றாகக் காய்ந்த, வைரம் பாய்ந்த மரம், புது மரத்தைவிடச் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் அதற்குள் தலை உடைந்த ஆணி இருக்கும். உலோகம் காட்டும் கருவியால் நான்கு முகத்தையும் தடவாமல் பெட்டில் ஏற்றக்கூடாது. தேக்கிலேயே இயற்கையாகச் சிலிக்கா உண்டு. ஆணி இல்லாவிட்டாலும் பிட் பிளைவுட்டில் நிற்கும் அளவு நிற்காது. வெளிவரம்பை அரை மில்லிமீட்டர் விட்டு, கடிகாரத்துக்கு எதிர்வாக்கில் ஒருமுறை முரட்டாக வெட்டி, பிறகு அந்த அரையை மட்டும் கடிகார வாக்கில் சுற்றி எடுத்தால் நார் பிய்யாது.

சென்னைக் காற்று மெஷினுக்கும் உண்டு

பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலைத் தண்ணீரால் குளிர்விக்கச் சில்லர் வைத்தவர்கள் 'எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது' என்று 18 டிகிரி வைப்பார்கள். சென்னைக் கோடையில் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே எது குளிர்ந்தாலும், ஐஸ் போட்ட டம்ளர் போல வியர்க்கும். ஸ்பிண்டிலுக்குள் வியர்த்தால் பேரிங் துரு, சுருளில் ஈரம். 28 டிகிரிக்குக் கீழே வைக்கத் தேவையில்லை. காலையில் ஓட்டத் தொடங்கும்போது பத்து நிமிடம் குறைந்த சுற்றில் சும்மா ஓடவிடுங்கள்.

ஈ.சி.ஆர். பக்கமோ எண்ணூர்ப் பக்கமோ பட்டறை என்றால் உப்புக் காற்று, மெஷின் நகரும் ரெயிலை ஒரு மழைக்காலத்திலேயே புள்ளி புள்ளியாகத் தின்னும். மெல்லிய எண்ணெயை வாரம் இருமுறை துடைத்துப் பூச வேண்டும். கெட்டி கிரீஸ் தடவினால் மரத்தூள் அதில் ஒட்டிக் களியாகிவிடும். பெட்டின் மேலுள்ள எம்.டி.எஃப். பலகையும் ஈரத்தில் உப்பும், அதுவும் ஓரங்களில் அதிகம். அதன் நான்கு விளிம்பையும் பசையால் அடைத்துவிட்டு, மழை தொடங்கியதும் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை மேல்முகத்தைச் சீவிச் சமமாக்குங்கள். பெட்டிலிருந்து இசட் எடுப்பவர்களுக்கு இது கட்டாயம்.

வெட்டு நடுவில் கரண்ட் போனால், என்கோடர் (இருக்கும் இடத்தைக் கணக்கிடும் கருவி) இல்லாத ஸ்டெப்பர் மோட்டார் மெஷின் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். கையால் கான்ட்ரியை (ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் பாலத்தை) தள்ளி 'இங்கேதான் நின்றது' என்று தொடர்ந்தால் காடி அரை மில்லி விலகும். ஹோம் (மெஷினின் தொடக்க இடம்) போய், முதலில் குறித்த பூஜ்யத்துக்குத் திரும்பி, நின்ற வரிக்குச் சில வரிகள் முன்னாலிருந்து தொடர வேண்டும். ஸ்பிண்டில் சுற்றத் தொடங்கியதும் லிமிட் சுவிட்ச் காரணமின்றி அலாரம் அடித்தால், பெரும்பாலும் எர்த் சரியில்லை. ஸ்பிண்டிலின் சுற்றைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி.யிலிருந்து போகும் ஒயருக்குக் கவச உறை இருக்கிறதா, அது ஒரு முனையிலாவது எர்த்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெட்டிய துண்டுகளை அன்றே பொருத்திவிடுவது நல்லது. அடைமழை நாளில் ஒரு வாரம் சுவரோரம் சாய்த்து வைத்த தட்டு ஈரம் குடித்து 0.1, 0.2 உப்பி, சீப்பில் 'டக்' என்று உட்கார்ந்த காடியிலேயே நுழைய மறுக்கும். வைக்கத்தான் வேண்டுமென்றால் தரையில் மூன்று ரீப்பர் போட்டு, படுக்கையாக அடுக்கி, பாலிதீனால் மூடுங்கள். பொருத்திய பின் மெலமைனோ என்.சி. லாக்கரோ அடிப்பதானால் மழை பெய்யும் நேரத்தில் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, தேக்கு நிறத்தின் மேல் பால் ஊற்றியது போல வெளுப்பு தட்டும். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கொஞ்சம் சேர்த்து, காலை பதினொரு மணிக்கு மேல் வெயில் வந்த பிறகு மெல்லிய கோட்டாக அடித்தால் வெளுக்காது. வெளுத்துவிட்டால் உப்புத்தாளை எடுக்க வேண்டாம். மறுநாள் வெயிலில் அதே தின்னரை மட்டும் லேசாக ஒரு கோட் அடித்தால், அடைபட்ட ஈரம் வெளியேறி நிறம் திரும்பும்.